அமில – காரச் சமநிலைக் கணக்குகளில் தோராயமும் அதன் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

வலிமை குறைந்த அமிலக் கரைசலின் பிஎச் மதிப்பைக் காணப் பயன்படும் சுருக்கச் சூத்திரம் ஒரு தோராயத்தைச் சார்ந்தது. அத்தோராயம் எங்குப் பொருந்தும், எங்குப் பிழைபடும் என்பதை இரு அமிலங்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயனிச் சமநிலை, பிரிகை மாறிலி, நீர்த்தல் விதி, தோராயம்

முன்னுரை

நீர்க்க நீர்க்க, வலிமை குறைந்த மின்பகுளி பிரிகையுறும் விகிதம் கூடும் என்பது 1888இல் வில்ஹெல்ம் ஆஸ்வால்டு வகுத்த நீர்த்தல் விதியின் சாரமாகும். பிரிகை மாறிலியையும் அமிலச் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஹைட்ரோனியம் அயனிச் செறிவு கிடைக்கும் என்னும் சூத்திரம் இவ்விதியிலிருந்தே பெறப்படுகிறது. பிரிகையுற்ற அமிலம் மிகச் சிறிதாதலால், எஞ்சிய அமிலத்தின் செறிவைத் தொடக்கச் செறிவாகவே கொள்ளலாம் என்பது இதன் நிபந்தனை.

மூன்று செறிவுகள்

25 பாகை செல்சியசில் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ ஆகும்.

0.1 மோலார் கரைசலுக்குச் சூத்திரம் தரும் அயனிச் செறிவு 1.34 × 10⁻³ மோலார், பிஎச் 2.87. பிரிகையுற்றது 1.3 விழுக்காடே ஆதலின் தோராயம் பொருந்துகிறது.

0.001 மோலார் கரைசலுக்குச் சூத்திரம் 1.34 × 10⁻⁴ எனத் தருகிறது. இது தொடக்கச் செறிவில் 13 விழுக்காடு. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைக்கும் சரியான மதிப்பு 1.25 × 10⁻⁴ ஆகும். பிழை ஏறத்தாழ 7 விழுக்காடு.

10⁻⁵ மோலார் கரைசலுக்கோ சூத்திரம் 1.34 × 10⁻⁵ என்கிறது. கரைத்த அமிலத்தைவிடப் பிரிகையுற்ற அமிலம் மிகுதி என்பது இதன் பொருள், இஃது இயலாதது. இருபடித் தீர்வு 7.16 × 10⁻⁶; பிஎச் 5.15.

நீரின் பங்கு

ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுமையாகப் பிரிகையுறுவது. ஆயினும் அதன் 10⁻⁸ மோலார் கரைசலின் பிஎச் 8 என விடையெழுதினால், அமிலக் கரைசல் காரத்தன்மை உடையதென்றாகிவிடும். நீர் தரும் அயனிகள் இங்கு விடுபட்டமையே காரணம். மின்சுமைச் சமநிலையின்படி, ஹைட்ரோனியம் செறிவு குளோரைடு, ஹைட்ராக்சைடு செறிவுகளின் கூடுதலுக்குச் சமம். நீரின் அயனிப் பெருக்கமான 10⁻¹⁴ஐ இதனுடன் இணைத்துத் தீர்த்தால் 1.05 × 10⁻⁷ கிடைக்கும், பிஎச் 6.98.

முடிவுரை

அமிலச் செறிவு பிரிகை மாறிலியைப் போல் 400 மடங்கேனும் இருப்பின், தோராயத்தில் பிரிகை 5 விழுக்காட்டைத் தாண்டாது. சுருக்கச் சூத்திரம் போதுமானது. அதற்குக் குறையின் இருபடிச் சமன்பாடு வேண்டும். பெற்ற அயனிச் செறிவு 10⁻⁶ மோலாருக்குக் கீழிறங்கின் நீரின் பங்கையும் சேர்த்தல் வேண்டும். மேற்கண்ட பிழைகள் எவையும் பெருக்கலிலோ வர்க்கமூலத்திலோ நேர்ந்தவையல்ல. பெற்ற விடையைத் தொடக்கச் செறிவோடும் நீர் தரும் அயனிச் செறிவோடும் ஒப்புநோக்கும் ஒரு வரியே அவற்றை வெளிப்படுத்திவிடும். அவ்வரியையும் கணக்கின் ஒரு படியாகக் கற்பித்தல் இன்றியமையாதது.