பறவைகளுக்கு ஓர் உணவுக்கலம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்பகுதியில், மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரம் தம்பின். அதனைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் முன்பு இரப்பர் மரங்கள் நிறைந்திருந்தன. இன்று பல இடங்களில் செம்பனை வளர்ந்து நிற்கிறது. பலவகை மரங்கள் அடர்ந்த காட்டில் வாழும் அளவிற்கு, ஒரே வகை மரம் நடப்பட்ட தோட்டத்தில் பறவை இனங்கள் வாழ்வதில்லை. எனவே, தோட்ட வீடுகளின் கொல்லைப்புறத்தில் உள்ள பப்பாளி, வாழை, முருங்கை, செம்பருத்தி ஆகியவை பறவைகளுக்கு நல்ல புகலிடமாகின்றன. அங்கே ஓர் உணவுக்கலத்தைத் தொங்கவிட்டால், பறவைகளை அருகிலிருந்து காணும் வாய்ப்புக் கிட்டும். குப்பைத்தொட்டிக்குப் போகவிருக்கும் நெகிழிப் புட்டியும் தேங்காய்ச் சிரட்டையுமே இதற்குப் போதும். கலத்தைச் செய்வது எளிது. அது பறவைகளுக்குத் தீங்காக மாறாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பொறுப்பு.

பறவைகளுக்கு உணவளிப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி, வீட்டின் முன்புறத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. சிட்டுக்குருவிகள் அதில் அமர்ந்து நெல்மணிகளைக் கொத்தித் தின்னும். அந்தக் கதிர்க்கொத்தில் உள்ள தானியம் நன்கு உலர்ந்தது. கூரையின் கீழ் தொங்குவதால் அது மழையில் நனைவதில்லை. தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் பூனைக்கும் எளிதில் எட்டாது. நல்ல உணவுக்கலத்திற்கும் இந்த மூன்று பண்புகளும் தேவை.

செய்முறை

ஒன்றரை லிட்டர் நெகிழிப் புட்டி ஒன்று, பழைய மரக்கரண்டிகள் இரண்டு, உறுதியான கயிறு ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் புட்டியை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். அதன் அடியிலிருந்து ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரத்தில், கரண்டியின் காம்பு நுழையும் அளவிற்கு ஒரு துளை இட வேண்டும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சற்றுப் பெரிய துளை இட வேண்டும். கரண்டியின் குழிப்பகுதி பெரிய துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, காம்பைச் சிறிய துளை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். தானியம் பெரிய துளை வழியாகக் குழிப்பகுதியில் சிறிது சிறிதாக விழும். பறவை காம்பின் மீதும் அமரலாம். இரண்டாவது கரண்டியைச் சற்று மேலே, குறுக்காகப் பொருத்தலாம்.

புட்டியின் அடியில் சில சிறு துளைகள் இட்டால் உள்ளே புகும் மழைநீர் வடிந்துவிடும். துளைகளின் கூரிய விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். பின்னர், உலர்ந்த தானியத்தை நிரப்பி, மூடியை இறுக்கி, கழுத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிடலாம். பழம் வைப்பதற்குச் சிரட்டை பொருத்தமானது. அதன் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று துளைகளும் அடியில் ஒரு துளையும் இட்டுக் கயிறு கட்டினால் போதும்.

இடமும் உணவும்

வெயிலில் நெகிழிப் புட்டி சூடேறும் என்பதால், கலத்தை நிழலில் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் ஏற்றது. கண்ணாடிச் சன்னலில் வானமும் மரமும் தெரிவதால், அதைத் திறந்தவெளி என்று எண்ணிப் பறவைகள் மோதிக்கொள்வதுண்டு. ஆகவே, சன்னலுக்கு 1 மீட்டருக்குள்ளோ 10 மீட்டருக்கு அப்பாலோ கலத்தை அமைப்பது பாதுகாப்பானது.

சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் தானியம் உண்பவை. அவற்றுக்கு நெல், தினை, கம்பு ஆகியவற்றை வைக்கலாம். கொண்டைக்குருவி பப்பாளி, வாழைப்பழத் துண்டுகளை விரும்பி உண்ணும். உப்புச் சேர்த்த உணவு, எண்ணெயில் பொரித்த தின்பண்டம், பூஞ்சணம் பிடித்த ரொட்டி ஆகியவற்றை வைக்கக்கூடாது.

சமைத்த உணவின் மிச்சத்தைக் கொட்டினால் எலிகளும் காகங்களும் பெருகும். நம் நாட்டு நகரங்களில் காணப்படும் வீட்டுக் காகம் இங்குத் தோன்றிய பறவையன்று. காப்பிச் செடிகளைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்டது அது. காப்பித் தோட்டங்கள் மறைந்தன. காகங்களோ மனிதர் வீசும் உணவை உண்டு பெருகின. மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அவை தின்றுவிடுகின்றன. நல்ல நோக்கத்துடன் செய்யும் செயலும் விளைவை எண்ணாவிட்டால் தீமையில் முடியும் என்பதற்கு இது சான்றாகும். அண்டை நாடான சிங்கப்பூரில், காட்டுயிர்களுக்கு அனுமதியின்றி உணவளிப்பது 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் சட்டப்படி குற்றமாகும்.

தூய்மையே பாதுகாப்பு

இயற்கையில் பறவைகள் பல இடங்களில் பரவி இரை தேடும். உணவுக்கலமோ அவற்றை ஒரே இடத்தில் கூட்டுகிறது. நோயுற்ற பறவை ஒன்று வந்தால், அதன் எச்சில், எச்சம் ஆகியவற்றின் வழியாக மற்றவற்றுக்கும் நோய் தொற்றும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு முதல் இவ்வாறு பரவிய தொண்டை நோயினால் கிரீன்ஃபின்ச் எனும் குருவியின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. எனவே, வாரந்தோறும் கலத்தைக் கழற்றி, ஒரு பங்கு வெளுப்பு நீர்மத்தை ஒன்பது பங்கு நீரில் கலந்து கழுவி, நல்ல நீரில் அலசி, முழுமையாக உலர்த்த வேண்டும். நனைந்த தானியத்தையும் கீழே சிதறியதையும் அப்புறப்படுத்த வேண்டும். சிரட்டையில் எஞ்சிய பழத்தை அன்று மாலையே அகற்ற வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரத்தால் கழுவுவது அவசியம். உடல் சிலிர்த்து, சோர்ந்திருக்கும் பறவைகளைக் கண்டால், சில வாரங்களுக்குக் கலத்தை எடுத்துவிட வேண்டும்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைப்போர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அம்முட்டை 7 முதல் 10 நாள்களில் கொசுவாக வளர்ந்து டிங்கிக் காய்ச்சலைப் பரப்பக்கூடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழுக்கள் காணப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே, நீரை நாள்தோறும் கொட்டி, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைச் செய்ய இயலாதவர்கள் தண்ணீர்க் கிண்ணம் வைக்காமல் இருப்பதே நல்லது.

பனிக்காலத்தில் நிலமெல்லாம் உறையும் நாடுகளில், வீட்டுத் தோட்டத்து உணவுக்கலம் பறவையின் உயிரைக் காக்கும். ஆண்டு முழுவதும் பூவும் காயும் பூச்சியும் கிடைக்கும் நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கு உணவுக்கலம் பறவைகளை உற்றுநோக்கக் கற்றுத்தரும் கருவியாகும். எந்தப் பறவை எந்த வேளையில் வந்தது, எதை உண்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், சில மாதங்களில் தோட்டத்துப் பறவைகளைப் பற்றிய பயனுள்ள பதிவு ஒன்று உருவாகும். அதனுடன் கொல்லையில் ஒரு செம்பருத்திச் செடியையும் நட்டு வைத்தால், கழுவ வேண்டிய வேலை இல்லாமலேயே தேன்சிட்டுகள் நாள்தோறும் தேடி வரும்.