நேராக்கிய கூந்தலிலிருந்து சொந்தச் சுருளுக்கு
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இனத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு இயற்கையில் அமைந்தது அலையலையான முடி அல்லது சுருள் முடி. சங்கப் பாடல்களில் பெண்களின் கூந்தலை ‘ஐம்பால்’ என்பார்கள். ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று பொருள். உரையாசிரியர்கள் எண்ணிச் சொல்லும் அந்த ஐந்தில் ‘சுருள்’ என்பதும் ஒன்று. அப்படிப்பட்ட நாம், 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோன்ற நேர் முடிக்கு ஆசைப்பட்டோம். 1990களில் ஜப்பானில் உருவான ‘ரீபாண்டிங்’ முறை மலேசியா, சிங்கப்பூர் கடைத்தொகுதிகளில் உள்ள சிகையலங்கார நிலையங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. கல்லூரிக்குப் போகும் பெண் முதல் கல்யாணப் பெண் வரை பலரும் அங்கே நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான வெள்ளியைச் செலவு செய்து முடியை நேராக்கிக்கொண்டார்கள்.

இப்போது பலர் இதை நிறுத்த நினைக்கிறார்கள். நிறுத்தியும் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் உச்சியில் சுருள், கீழே நேர், நடுவில் முறிவு என்று தலை இரண்டுபட்டு நிற்கிறது. ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று மறுபடியும் அதே நாற்காலியில் போய் அமர்ந்துவிடுகிறார்கள். அந்த இடைக்காலத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

மருந்து முடிக்குள் என்ன செய்கிறது?

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கின்றன. முடி சுருளாக இருப்பதற்கும் நேராக இருப்பதற்கும் இந்தக் கட்டுகள் ஒரு முக்கியக் காரணம்.

ரீபாண்டிங் செய்யும்போது முதலில் தயோகிளைகோலேட் கலந்த களிம்பைப் பூசுகிறார்கள். அது இந்தக் கட்டுகளை அறுக்கிறது. பிறகு முடியை அலசி, காயவைத்து, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் சூடுள்ள இரும்பால் அழுத்தி நேராக்குகிறார்கள். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள மருந்தைப் பூசினால், அறுந்த கட்டுகள் அந்த நேர் நிலையிலேயே மறுபடி சேர்கின்றன. எல்லாம் சேர்வதில்லை. ஆகவே முடி முன்பைவிடப் பலம் குறைந்துதான் வெளியே வருகிறது.

இன்னொரு வகை ‘ரிலாக்சர்’. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடையே நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. இதில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம் இருக்கிறது. இது கந்தகப் பிணைப்பை மறுபடி பழைய நிலைக்கு வராதபடி வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. இந்த இரண்டு மருந்துகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஒன்று பட்ட முடியில் மற்றொன்றைப் பூசினால் முடி பஞ்சுபோல் அறுந்து கையோடு வந்துவிடும். புதிய நிலையத்துக்குப் போகிறவர்கள், இதற்குமுன் எந்த மருந்து போட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை தெரிகிறது. தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிக்கு உயிர் இல்லை. உயிர் வேரில்தான் இருக்கிறது. எனவே மருந்து பட்ட முடியை எந்த எண்ணெயும் எந்தச் சிகிச்சையும் பழைய சுருளாக மாற்றாது. புதிய முடி வளரவேண்டும், பழையது வெட்டுப்படவேண்டும். வேறு வழி இல்லை.

உடல்நலக் கேள்வி

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2022 அக்டோபரில் வெளிவந்தது. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் அது 4.05 விழுக்காடு என்றும் அது கணித்தது. ‘அடிக்கடி’ என்பது ஓர் ஆண்டில் நான்கு முறைக்கு மேல். இதனால்தான் நோய் வந்தது என்று ஒரே ஆய்வு நிரூபித்துவிடாது. ரீபாண்டிங் செய்தவர்கள் எல்லாரும் அஞ்சி நடுங்கவும் வேண்டாம். ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய செய்தியும் அல்ல.

‘கெரட்டின் சிகிச்சை’ என்ற பெயரில் செய்யப்படுவதிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில, சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால் அதுவே அறிகுறி. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் முடிவு செய்த வாயு அது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று விற்கப்படுபவற்றில் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அதைக்கொண்டு முடியை நேராக்கிய 26 வயதுப் பெண் ஒருவருக்கு, செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024ல் மருத்துவ இதழில் பதிவானது.

வெட்டுவதா, காத்திருப்பதா?

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றேகால் செண்டிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்கு 12 முதல் 15 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செண்டிமீட்டர் நீள முடி முழுவதும் புதிதாக வளர இரண்டு முதல் இரண்டரை ஆண்டு ஆகும். இடுப்பளவு முடி என்றால் நான்கைந்து ஆண்டு. இந்தக் கணக்கை முதலிலேயே தெரிந்துகொண்டால் மூன்றாம் மாதத்தில் மனம் உடையாது.

முதல் வழி, பத்துப் பன்னிரண்டு செண்டிமீட்டர் புதிய முடி வந்ததும் மருந்து பட்ட பகுதி முழுவதையும் வெட்டிவிடுவது. தைப்பூசத்தில் வேண்டுதலுக்காக மொட்டை போடும் பெண்களைப் பார்த்துப் பழகிய சமூகம் நம்முடையது. குட்டை முடி ஒன்றும் உலகம் காணாத புதுமை அன்று. (மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் உண்மையல்ல. வேரின் எண்ணிக்கையைக் கத்தி கூட்டாது.)

இரண்டாவது வழி, நீளத்தை வைத்துக்கொண்டே இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரண்டு மூன்று செண்டிமீட்டராக நுனியைக் குறைத்துக்கொண்டே வருவது. இதில் பொறுமை அதிகம் வேண்டும்.

முறியும் இடம் எது?

புதிய சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் எல்லைதான் முடியின் மிகப் பலவீனமான இடம். இடைக்காலப் பராமரிப்பு முழுவதும் இந்த எல்லையைக் காப்பதற்குத்தான்.

1. காய்ந்த முடியை வாராதீர்கள். குளிக்கும்போது கண்டிஷனர் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கு எல்லாம் அந்த எல்லையில் போய் இறுகும்.

2. ஷாம்பு தலைத் தோலுக்கு. கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை ஷாம்பு போதும். நம் ஊர் வெயிலில் வியர்த்தால் மற்ற நாள்களில் வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

3. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தடவுங்கள். அது முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பலன் காணப்படவில்லை. நம் பாட்டிமார் செய்தது வீண்போகவில்லை.

4. துவாலையால் முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள்.

5. உச்சியைச் சமப்படுத்த வேண்டுமென்று தினமும் சூட்டு இரும்பைப் பிடிக்காதீர்கள். அதிகச் சூடு பட்டால் புதிய சுருளும் கெட்டுவிடும். அதற்குப் பதில் இரவில் ஈர முடியைத் தளர்வாக இரண்டு மூன்று பின்னலாகப் போட்டு, காலையில் அவிழ்த்தால் இரண்டு பகுதியும் ஒரே அலையாகத் தெரியும்.

6. இறுக்கமான கொண்டை, இறுக்கமான குதிரைவால் வேண்டாம். நாள்தோறும் இழுபட்டால் நெற்றி ஓரத்து முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

7. இக்காலத்தில் சாயம் பூசுவதைத் தள்ளிப்போடுங்கள்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் நாடுகளில் சுருள் முடி உப்பிக்கொண்டு நிற்பது இயல்பு. முடி ஈரத்தை உறிஞ்சுவதால் அப்படி ஆகிறது, அது நோயல்ல. முடி ஈரமாக இருக்கும்போதே சிறிது கண்டிஷனரோ சுருள் முடிக்கான களிம்போ தடவி, விரலால் சுருட்டிவிட்டு, காயும்வரை தொடாமல் இருங்கள்.

கொட்டுவதும் முறிவதும் ஒன்றல்ல

நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. குமிழ் இல்லாத துண்டு முடி என்றால் முறிந்தது. முறிவுக்கு மேற்சொன்ன பராமரிப்பு உதவும். வேரோடு அதிகம் கொட்டினால் கடந்த சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைப்பேறு, டெங்கிக் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, கடுமையான உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும்; பெரும்பாலும் தானே திரும்பி வரும். தலைத் தோலில் புண், வட்ட வட்டமாக வழுக்கை, எரிச்சல் இருந்தால் சிகையலங்காரரிடம் போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள்.

மனத்தில் உள்ள சுருக்கு

பள்ளியில் சுருள்முடிப் பிள்ளையை ‘மேகி மீ’ என்று கேலி செய்கிறார்கள். வீட்டிலோ, ‘என்ன, தலை வாரவில்லையா?’ என்று நாமே கேட்கிறோம். பிள்ளை இரண்டையும் கேட்டு, தன் தலையில் ஏதோ குறை என்று முடிவு செய்துகொள்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இதே வேதனையை அனுபவித்து, 1960களிலிருந்து தங்கள் இயற்கை முடிக்காகக் குரல் கொடுத்தார்கள். முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019ல் கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் அந்த ஒரு கேள்வியை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நேயர்களின் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. காலையில் தலை வாரினால் அழுகிறாள். ரீபாண்டிங் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. காய்ந்த முடியை வாருவதால்தான் வலிக்கிறது. முதல் நாள் மாலையிலேயே கண்டிஷனர் போட்டு ஈரத்தில் வாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிடுங்கள். காலையில் வேலை குறையும். வளர்ந்த பிறகு அவள் விரும்பினால் அவளே முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஆறு மாதத்தில் எனக்குத் திருமணம். இப்போது தொடங்கலாமா?

பதில்: தாராளமாக. மணப்பெண் சடையில் சவுரியும் பூவும் வைப்பதால் இரண்டு வகை முடியும் வெளியே தெரியாது. சவுரியின் கனம் எல்லைப் பகுதியில் விழாதபடி, உச்சிப் புதுமுடியில் பொருத்தச் சொல்லுங்கள். சடங்கு முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் முடிதான் பிடிக்கிறது. அது தவறா?

பதில்: தவறே இல்லை. பிடித்துச் செய்வதும், வெட்கப்பட்டுச் செய்வதும் வேறு வேறு. எது உங்களுடையது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிடித்துத்தான் செய்கிறீர்கள் என்றால், வளர்ந்த வேர்ப் பகுதிக்கு மட்டும் மருந்து போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் மறுபடி பூச விடாதீர்கள்.