ஸுகியாக்கி என வழங்கிய பாட்டு

ஜப்பான் தேசத்துக் கவஸாக்கி நகரில் 1941-ஆம் ஆண்டு பிறந்த ஸகமோட்டோ கியூ என்னும் பாடகர், தம் பெற்றோர்க்கு ஒன்பதாம் மகவு. கியூ என்பதற்குப் பொருளும் ஒன்பதே. 1961-இல் அவர் பாடிய பாட்டொன்றன் வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துரைப்போம். அமெரிக்காவுடன் ஜப்பான் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960-இல் எழுந்த கிளர்ச்சி தோற்றதனால் மனம் நொந்த எய் ரொக்குஸுக்கே அதனை இயற்றினார். நகமுரா ஹச்சிதாய் இசையமைத்தார். கண்ணீர் கீழே சிந்தாதபடி வானத்தை நோக்கி நடக்கும் ஒருவனது துயரமே அதன் பொருள்.

மேனாட்டு வியாபாரிகளோ, ஜப்பானியப் பெயர் தம்மவர் வாயில் நுழையாதெனக் கருதி, "ஸுகியாக்கி" என்று பெயரிட்டு விற்றனர். அது மாட்டிறைச்சியைக் காய்கறிகளோடு சட்டியில் வேகவைத்து உண்ணும் ஓர் உணவு! ஆயினும் 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பாட்டு அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. கேட்டவருள் மிகப் பலர்க்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. சொல்லை விடுத்து அவர் சீழ்க்கையடிக்கும் பகுதியே, தனிவழி நடப்பவன் துக்கத்தை எம்மொழியினர்க்கும் உணர்த்திற்றென்பது நம் கருத்து. அவருடைய பிற பாட்டுகள் அந்நாட்டில் இவ்வளவு பரவவில்லை.

1985 ஆகஸ்டு 12-இல் டோக்கியோவினின்று ஒஸாக்காவுக்குச் சென்ற விமானமொன்று மலையில் மோதி 520 பேர் மாண்டனர். 43 வயதினரான கியூவும் அவருள் ஒருவர். 2011-இல் பூகம்பமும் கடற்பெருக்கும் ஜப்பானைத் தாக்கியபின், பற்பல பாடகர் சேர்ந்து அப்பாட்டை மறுபடியும் பாடினர்.