கந்தை என்னும் சொல்

"கந்தைக் கோலத்தோடு வந்து நின்றான்" என்று ஒருவனைப் பற்றிக் கூறும்போது அவனுடைய வறுமையை மட்டுமா நாம் குறிக்கிறோம்? சோம்பல், அசட்டை, மானமின்மை ஆகிய குற்றங்களையும் சேர்த்தல்லவோ அவன் தலையில் ஏற்றிவிடுகிறோம்! இப்பழி அச்சொல்லுக்கு அடுக்குமா என்று சிறிது ஆராய்வோம்.

வடமொழியில் 'கதா' என்பது தமிழில் கதையாகவும், 'சபா' என்பது சபையாகவும் வழங்குவது போலவே, 'கந்தா' என்னும் பதம் கந்தையாயிற்று. கந்தா என்பது வெறுங் கிழிசலன்று. துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடை. சங்கரர் பெயரால் வழங்கும் பஜகோவிந்தம், தெருவிற் கிடந்த கிழிதுணிகளால் ஆன கந்தையை அணிந்த யோகியைப் போற்றுகிறது. ஆகவே, இச்சொல்லில் கிழிந்ததும் உண்டு, தைத்ததும் உண்டு.

வங்காளத்தில் இதே சொல் 'காந்தா' என்று இன்றும் வாழ்கிறது. நைந்துபோன பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவும் கொடியுமாக இழையோட்டி, பெண்கள் போர்வை செய்வார்கள். அதற்குத்தான் அப்பெயர். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தி தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் அத்தகைய போர்வையில் தைத்து, தன் சமாதியின்மேல் அதனை விரிக்குமாறு வேண்டுகிறாள். அங்கே கந்தை, ஓர் உள்ளத்தின் சரித்திரமாகவே ஆகிவிடுகிறது.

நம் பழந்தமிழில் கந்தையைக் குறிக்கும் சொல் 'சிதார்' என்பது. பொருநராற்றுப்படையில், கரிகாலன் பொருநனது சிதாரை நீக்கிப் பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையை அளிக்கிறான். அச்சிதாரில் ஓடிய வேற்று நூலையும், அதன் தையலையும் புலவர் முடத்தாமக் கண்ணியார் குறிக்கத் தவறவில்லை.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியும் அழுக்கைத்தான் கடிகிறது, கந்தையை அன்று.

ஒட்டுப் போட்ட சட்டையோடு வகுப்புக்கு வரும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் 'கந்தை' என்று ஏளனம் செய்வதை ஆசிரியராகிய நாம் கேட்டிருக்கிறோம். முதல் நாள் இரவு விளக்கடியில் அமர்ந்து அந்த ஒட்டைத் தைத்த தாய் ஒருத்தி உண்டு என்பதைப் பெற்றோர் தம் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக. சொல்லின் பொருளை அறிந்த பிள்ளை பிறகு அவ்வாறு நகையாது.