ஏரியின் கணக்கும் கணினியும்

மழை பெய்தால் அச்சம், பொய்த்தால் ஏக்கம் என்பதே சென்னை மாநகரின் நிலை. 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின; ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்து சேர்ந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் இவ்விரு துயரங்களையும் கண்டோம்.

ஏரியின் நீர்மட்டத்தை முன்கூட்டியே அறிய இயலுமா? தமிழக அரசின் நீர் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ள தரமணியில் வாழும் நமக்கு இது அயலார் கேள்வி அன்று. இக்கணக்கிற்கு இன்று செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வந்துள்ளது.

அது செய்வது மாயமன்று. பல ஆண்டுகளின் மழையளவு, ஏரிக்கு வந்த நீர், வெளியேறிய நீர், நீர்மட்டம் ஆகியவற்றைக் கணினிக்கு ஊட்டுகின்றனர். இவ்வளவு மழைக்குப் பின் இத்தனை மணி நேரத்தில் மட்டம் இவ்வளவு உயர்ந்தது என்னும் தொடர்பை அது கற்றுக்கொள்கிறது. மடையைக் காத்த நீர்க்கட்டி பட்டறிவால் உணர்ந்ததையே, கணினி எண்களால் உணர்கிறது எனலாம்.

இதன் பயன் சிறிதன்று. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வினாடிக்கு 29,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் வந்தால், அதுவே ஏறத்தாழ 2,500 மில்லியன் கன அடியாகும். ஏரியின் மூன்றில் இரு பங்கு! ஓரிரு நாள் முன்னரே அறிந்தால், சிறிது சிறிதாக நீரை வெளியேற்றி இடம் ஒதுக்கலாம். கரையோர மக்களையும் பகலிலேயே அப்புறப்படுத்தலாம்.

ஆயினும், தான் கண்டிராத மழையைக் கணினி எங்ஙனம் சரியாக உரைக்கும்? 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. இத்தகைய மழை பழைய பதிவேடுகளில் அரிது. மழை வருமெனத் திறந்துவிட்டு அது வராமற்போனால், வீணானது அடுத்த கோடையின் குடிநீர் அன்றோ! ஆகவே கணினி கூறுவதைக் கேட்கலாம். முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் மனிதரே.

மற்றொன்றையும் நாம் எண்ண வேண்டும். நம் அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது; அதற்குள் அதன் பெரும்பகுதியை நாம் இழந்துவிட்டோம். நீர் வரும் வேளையைக் கணினி கூறலாம். அது தங்குவதற்குரிய இடத்தை நாமன்றோ விட்டுவைக்க வேண்டும்!