முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

 கண்புரையைப் பற்றிப் பார்ப்போம்.

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ சல்லியிலோ மூதூரிலோ வயதானவர்களிடம் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். "இன்னும் முத்தேல்லை தம்பி, முத்தினாப்பிறகு வெட்டுவம்" என்பார்கள். அப்படிச் சொல்லியே பேரப்பிள்ளையின் முகம் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வேதனை.

ஆனாலும் அது மூடநம்பிக்கை அல்ல. ஒரு காலத்து வைத்தியமே அப்படித்தான் இருந்தது. கண்வில்லையிலுள்ள புரதங்கள் வயதோடு திரண்டு கலங்குவதுதான் புரை. முன்பு அந்த வில்லையை எடுத்துவிட்டால் பதிலுக்கு வைக்க ஒன்றும் இல்லை. தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடிதான் கதி. ஆகவே, இருக்கிற பார்வையும் போனபின் வெட்டுவதே நியாயமாகப்பட்டது.

அந்த நிலைமை மாறிய கதையில் நம்மூர் வானம் அறிந்த விமானம் ஒன்று வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டபோது, சீனன்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்தவை ஹரிக்கேன் விமானங்கள். அதே வகை விமானத்தில் 1940 ஆகஸ்டில் இங்கிலாந்து வானில் அடிபட்டார் கோர்டன் கிளீவர் என்ற விமானி. தலைக்கு மேலிருந்த பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடி நொறுங்கி, துணுக்குகள் கண்களில் பாய்ந்தன. அவை உள்ளேயே தங்கியும் கண் அவற்றோடு பகைக்கவில்லை என்பதை கண் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து, 1949 நவம்பரில் லண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார். சக வைத்தியர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தார்கள். பின்னர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் தொடங்கிய ஆரோலாப் நிறுவனம், ஏழைக்கும் எட்டும் விலையில் அந்த வில்லையைச் செய்தது.

ஆகவே இன்று காத்திருப்பதில் பயன் இல்லை, கேடுதான் உண்டு. முற்றிய வில்லை இறுகிவிடும், சத்திரசிகிச்சை கடினமாகும். சிலருக்கு அது உப்பிக் கண்ணழுத்தத்தை ஏற்றும். கடும் வலி, சிவப்பு, வாந்தி வரும். அந்த அழுத்தத்தால் நரம்பு கெட்டால், போன பார்வை திரும்பாது. படி தடுமாறுகிறதா, இரவில் எதிரே வரும் வாகன லைற் கூசுகிறதா, கண்ணாடி மாற்றியும் தெளியவில்லையா? வைத்தியரிடம் போக அதுவே நேரம்.

கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவில் 838 கடல் தொழிலாளரைப் பரிசோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணில் விழும் புற ஊதாக் கதிர் இரட்டித்தால் ஒருவகைப் புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகும் என்று தெரிந்தது. கதிர் மேலிருந்து மட்டுமல்ல, தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வரும். கரைவலை இழுப்பவருக்கும் வள்ளத்தில் போகிறவருக்கும் விளிம்பு அகன்ற தொப்பியும் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். புகைத்தலை விடுங்கள். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் வாங்கி விடாதீர்கள். அதுவே புரையைக் கொண்டுவரும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் இல்லை. தாய்ப்பாலும் மூலிகைச் சாறும் கண்ணில் கிருமியைத்தான் சேர்க்கும்.

சத்திரசிகிச்சை முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், "புரை திரும்ப வளந்திட்டுது" என்று மனம் விடுகிறவர்கள் உண்டு. புரை திரும்ப வளராது. புது வில்லையைத் தாங்கும் மெல்லிய பை மங்கியிருக்கும். லேசர் கொண்டு சில நிமிடங்களில், வெட்டாமலே அதைச் சரிசெய்வார்கள்.