இரண்டாவது 'டக்' எதற்கு?

தோட்டத்து மோட்டார் ரூமில் பச்சைப் பொத்தானை அமுக்கியதும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் ஓடத் தொடங்கும். சில விநாடி கழித்து மறுபடியும் ஒரு 'டக்'! ஓடுகிற மோட்டாருக்கு இன்னொரு 'டக்' எதற்கு?

த்ரீ பேஸ் கரண்ட் மோட்டாரின் காயில்களில் பாய்ந்ததும், உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. போர்வெல் மோட்டார்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று. நடுவிலுள்ள ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே ஓடும். ஏறக்குறைய 2850 சுற்று வரை வரும், பிடிக்கவே பிடிக்காது.

ஆக, ஓடும்போது வித்தியாசம் 150 சுற்றுதான். ஆனால் கரண்ட் வந்த நொடியில் ரோட்டார் சும்மா நிற்கிறதே! அப்போது வித்தியாசம் முழுசாக 3000. காந்தப்புலம் அந்த வேகத்தில் கடந்து போவதால் ரோட்டாரில் பெரிய மின்னோட்டம் உண்டாகிறது. அதற்கு ஈடாக மோட்டாரும் லைனிலிருந்து வழக்கத்தைவிட ஐந்து, ஆறு, சில சமயம் ஏழு மடங்கு கரண்டை இழுக்கிறது. பக்கத்தில் எரியும் குண்டு பல்பு சட்டென்று மங்குவது இதனால்தான்.

ஆறு மடங்கு கரண்ட் என்றால் காயிலில் சூடு எவ்வளவு? ஆறு மடங்கு என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, 6 × 6 = 36 மடங்கு! ஓரிரு விநாடி என்றால் தாங்கும். விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் செய்தால் காயில் கருகிவிடும். அப்புறம் காயில் கட்டும் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதற்குத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். முதல் 'டக்'கில் மூன்று காயில்களையும் 'ஸ்டார்' முறையில் இணைக்கிறது. 415 வோல்ட் லைனிலிருந்து ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட்தான் போகும். லைனில் இழுக்கும் கரண்டும் மூன்றில் ஒரு பங்காகும். வேகம் பிடித்த பிறகு இரண்டாவது 'டக்': 'டெல்டா' இணைப்பு, முழு 415 வோல்ட்.

இதில் ஒரு குறையும் உண்டு. கிளம்பும்போது மோட்டாரின் சுழற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பம்புக்கு அது போதும்; மெதுவாகச் சுற்றும்போது தண்ணீரின் சுமை குறைவுதான். வாய் நிறையக் கல்லோடு கிளம்ப வேண்டிய கல் உடைக்கும் இயந்திரமோ திணறிப்போகும்.

மெட்ரோ ரயிலில் இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி இருக்கிறது. கரண்டின் அதிர்வெண்ணைக் குறைத்து, காந்தப்புலத்தையே முதலில் மெதுவாகச் சுழல விடுகிறார்கள். ரோட்டாரின் வேகம் கூடக்கூட அதன் வேகத்தையும் கூட்டுகிறார்கள். வித்தியாசம் 3000 வரை போவதே இல்லை.